சுக்கினி சூப்பும் முகம் சுளிக்காத அக்காவும்

லிப்ட் மெக்கானிக்குகளில் இரண்டு வகை என்பான் பல்லி. பயந்தவன் பென்ஷன் வாங்குவான். பயப்படாதவனுக்குச் சுவரில் படம் மாட்டுவார்கள். லிப்ட் குழியில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வேலை செய்வதால் அவனுக்கு அந்தப் பெயர். தன்னுடைய மூத்த கூட்டாளியான மெக்கானிக்கை முதல் வகையில் சேர்ப்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

மெக்கானிக்குக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பழுது பார்த்த லிப்ட்டில் வேறு யாரையும் முதலில் ஏறவிட மாட்டார். காலியாக ஒரு நடை மேலும் கீழும் ஓட்டுவார். பிறகு தான் மட்டும் ஏறி, கதவை மூடிக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் காதைச் சுவரில் வைத்துக் கேட்பார். அப்புறம்தான் சாவி கைமாறும். தன் கைவேலையைத் தானே நம்பாத மனிதர்.

ஆனால் சமையலறையில் இந்தச் சந்தேகப் பேர்வழியைத் தேடினால் கிடைக்க மாட்டார். அங்கே அவர் அம்மா வளர்த்த பிள்ளை. அம்மா போய்ப் பல வருடமாகியும் அவள் போட்ட இரண்டு சட்டங்கள் போகவில்லை. ஒன்று, சமைக்கும்போது ருசி பார்க்கக் கூடாது. அடுத்தவருக்குக் கொடுக்கப்போவதை எச்சில் பண்ணாதே. உப்பா உறைப்பா என்பது வாசனையிலேயே தெரிய வேண்டும். இரண்டு, தட்டில் விழுந்தது கசந்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. கசப்பு உடம்புக்கு நல்லது. சுளித்த பிள்ளைக்கு இன்னொரு கரண்டி விழும். அந்த இன்னொரு கரண்டிக்குப் பயந்தே அவரும் அவருடைய அக்காவும் கல் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பழகினார்கள்.

வெள்ளரிக்காய் ஜாடையில் இருக்கும் பூசணிச் சாதிக் காயான சுக்கினி வந்தது அவருடைய தோட்ட ஆசையால். வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடம் போக மிச்சத்தில் நாலு செடி வைத்திருந்தார். வெளியூரில் ஒரு லிப்ட் மாட்டப் போய்ச் சில வாரம் தங்கிவிட்டுத் திரும்பினால், விரல் பருமனில் விட்டுப்போன பிஞ்சுகள் எல்லாம் இலைக்கடியில் முழங்கை நீளத்துக்குப் படுத்துக் கிடந்தன. அது அப்படித்தான். பார்த்துக்கொண்டே இருந்தால் வளராது, முதுகைத் திருப்பினால் போதும். இருப்பதில் பெரியதை அவருடைய மனைவி தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தாள்.

“தொட்டில் கட்டிடலாமா? உங்க ஜாடைதான்” என்றாள்.

ஏட்டுச் சுரைக்காய்தான் கறிக்கு உதவாது, இது தோட்டத்துக் காய், உதவித்தான் ஆகணும் என்று அவர் பதில் சொன்னார். உதவ வைத்தார்கள். கிழடு தட்டிய சுக்கினியின் தோலில் நகம் இறங்காது; கத்தியால் சீவ வேண்டும். நீளவாக்கில் பிளந்து, பஞ்சு போன நடுப்பகுதியையும் விதையையும் பெரிய ஸ்பூனால் வழித்தெடுத்து, உப்புப் போட்டுத் தண்ணீரைப் பிழிந்தால்தான் சமையலுக்கு ஆகும். துருவி அடை மாதிரி தட்டினார்கள். தோணி போலக் குடைந்து, முட்டையும் வெங்காயமும் அடைத்துச் சுட்டார்கள். ரொட்டி மாவில்கூடப் பிசைந்தார்கள். அவர் கையில் பையோடு வருவதைப் பார்த்தாலே தெருவில் கதவுகள் சாத்தின. இனிமேல் பச்சையாக ஒன்று கண்ணில் பட்டால் தாய்வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

எல்லாம் தீர்ந்த பிறகு ஒன்று மிச்சம் இருந்தது. அது அவர் நட்ட செடியில் காய்த்ததில்லை. குப்பைக் குழி ஓரத்தில், போன வருடம் எறிந்த விதையிலிருந்து தானாக முளைத்த செடியில் காய்த்தது. வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுக்காரர் அழகுக்கு மட்டுமே வளர்க்கும், தின்ன ஆகாத, கோடுகோடான குட்டிப் பூசணிகளைப் படரவிட்டிருந்தார். தேனீக்கு வேலி தெரியாது. இங்கே உட்கார்ந்த காலோடு அங்கே போகும், அங்கிருந்து இங்கே வரும். அந்தக் கலப்பு விதையில் இறங்கும், அடுத்த வருடக் காயில் தலைகாட்டும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது, காய் பெரிதாக இருக்கிறது, எறிய மனசு வரவில்லை என்பது மட்டும்தான்.

அக்காவுக்கு சூப் வைக்கலாம் என்று முடிவு செய்தார்.

அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த ரயில் எத்தனை மணி நேரம் தாமதமானாலும் அவள் குரல் ஒரே சீராகச் சொல்லும்; கேட்கிறவனுக்குக் கோபமே வராது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாலாவது மாடியில் தனியாக இருக்கிறாள். நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்து, அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். கன்னம் ஒட்டிப்போய், நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. திரவமாக ஏதாவது உள்ளே போக வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

உருளைக்கிழங்கு, பூண்டு, மிளகு, கடைசியில் கொஞ்சம் பால். வாசனை பிரமாதமாக இருந்தது. சட்டப்படி ருசி பார்க்கவில்லை. ஒரு பிளாஸ்க் அக்காவுக்கு, ஒரு டப்பா தன் மதியத்துக்கு.

அக்காவின் கட்டடத்து லிப்ட்டையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். பிரேக் தேய்ந்திருக்கிறது என்று முந்தின நாள் சாயங்காலம்தான் நிறுத்திவிட்டு, புதுசு வரும்வரை யாரும் தொடக் கூடாது என்று அட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டிருந்தார். அதனால் பிளாஸ்க்கோடு படியேறினார். கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா, வைத்துவிட்டுப் போ, பசித்ததும் குடிக்கிறேன் என்றாள். அவர் வேலைக்குக் கிளம்பினார்.

மதியம் ஒரு ஆபீஸ் கட்டடத்தின் மொட்டை மாடி மெஷின் ரூமில் டப்பாவைத் திறந்தார். முதல் ஸ்பூன் நாக்கில் பட்டதும் பின்கழுத்து வரை கசந்தது. மிளகு கருகியிருக்குமோ என்று நினைத்தார். முகம் தானாகக் கல்லானது, தொண்டை தானாக விழுங்கியது. இரண்டாவது ஸ்பூனும் எடுத்தார்.

எதிரே இருந்த பல்லி, அவர் அசையாமல் சாப்பிடுவதைப் பார்த்து, நல்லாத்தான் இருக்கும்போல என்று ரொட்டியைத் தொட்டு வாயில் போட்டான். போட்ட வேகத்தில் துப்பினான். குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து டப்பாவைப் பிடுங்கினான்.

“அண்ணே, இது பேய்ச்சுரை. முழுங்கினீங்களா?”

அவனுடைய மச்சான் ஒருவன், உடம்பு இளைக்கும் என்று சுரைக்காய் சாறு குடித்து, அன்றைக்கு அது கசந்தும் மருந்துதானே என்று மடமடவென்று இறக்கி, ரத்த வாந்தியோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னான். சுரை, வெள்ளரி, பூசணி, இந்தச் சாதியில் எது அப்படிக் கசந்தாலும் விஷம். வேக வைத்தாலும் போகாது.

மெக்கானிக் தன் வயிற்றை நினைக்கவில்லை. கசப்பைக் கண்டால் இறக்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும் ஒருத்தியிடம் ஒரு பிளாஸ்க் நிறையக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மற்றவர்கள் துப்பிவிடுவார்கள். அக்கா துப்ப மாட்டாள்.

போன் அடித்தார். எடுக்கவில்லை. அக்கா போனைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறவள், எடுக்காதது புதிதில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டே மறுபடி அடித்தார், மறுபடி அடித்தார். மனைவிக்குப் போட்டார். அவள் சூப்பைத் தொடாமல் வேலைக்கு வேறு சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். சுக்கினி என்ற பேரை எடுத்தாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்று சிரிக்க ஆரம்பித்தவள், அவர் குரலைக் கேட்டு நிறுத்தினாள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், நான் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன் என்றாள். வைக்கும் முன் ஒன்று கேட்டாள்.

“லிப்ட்ல நீங்க ஏறிப் பாக்காம ஒருத்தரையும் ஏத்த மாட்டீங்க. சூப்புல மட்டும் அக்காவை முதல்ல ஏத்திட்டீங்களா?”

பல்லி வண்டியை ஓட்ட, அவர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் வயிற்றுக்குள் ஏதோ கயிறு முறுக்குவது போல இருந்தது. இரண்டு ஸ்பூனுக்கே இப்படி. நோய்க்குப் பிறகு காகிதமாக இருக்கும் உடம்புக்கு ஒரு கிண்ணம் போனால்? இரண்டு கிண்ணம் போனால்? பிளாஸ்க் முழுக்கப் போயிருந்தால்?

படிகளில் பாதியிலேயே மூச்சு முட்டியது. அக்கா வீட்டுச் சாவி ஒன்று அவரிடமும் உண்டு. பல்லி வாங்கித் திறந்தான். பிளாஸ்க் சிங்க்கில் கவிழ்த்து வைத்திருந்தது. கழுவி, சுத்தமாக. அதைப் பார்த்ததும் அவர் அக்காவைத் தேடி உள்ளே ஓடினார்.

அக்கா குளியலறை வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாளி. உதடு வெளுத்து, நெற்றி முழுக்க முத்து முத்தாக வேர்வை. கையைத் தொட்டால் பாத்திரம் போலச் சில்லிட்டிருந்தது. தம்பியைப் பார்த்து, ஏன்டா வேலையை விட்டுட்டு வந்தே என்று கேட்டாள்.

கீழே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. பல்லி அவர் சட்டைப்பையைப் பார்த்தான்.

“நாலு மாடிதான் அண்ணே. ஒரே ஒரு தடவை இறக்கிட்டு நிறுத்திடலாம்.”

லிப்ட் சாவி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. தேய்ந்த அந்த பிரேக்கை அவர் கையால் தடவியிருக்கிறார். ஒரு தடவை பிடிக்கலாம். பிடிக்காமலும் போகலாம். காலையில் ஒரு முறை பார்க்காமல் ஏற்றியாயிற்று.

“நாற்காலியைக் கொண்டா” என்றார்.

சாப்பாட்டு மேசை நாற்காலியில் அக்காவை உட்காரவைத்து, போர்வையால் கட்டி, பல்லி கீழ்ப்பக்கமும் அவர் மேல்பக்கமுமாகத் தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலிக் கால் கைப்பிடியில் இடித்தது. பல்லி பின்னோக்கி இறங்கினான். சுவரில் ஒட்டத் தெரிந்தவனுக்கே இரண்டு முறை கால் நழுவியது. இரண்டாவது மாடியில் அக்காவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் அக்கா என்று கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். “இடிக்காம போடா” என்று சன்னமாக வந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் எதிரே ஏறி வந்து வாங்கிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் உடனே டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் இளம்பெண். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அக்கா கண்ணைத் திறந்து, அந்த ரயில் நிலையக் குரலில், ஒரு பிசிறு இல்லாமல், நேற்று வாங்கிய ரொட்டி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்றாள். சூப் குடித்தீர்களாமே என்று கேட்டதற்கு, அது நல்லாத்தான் இருந்தது என்றாள். டாக்டர் ரொட்டியைப் பற்றி மேலும் விசாரிக்கத் தொடங்கினார்.

மெக்கானிக்குக்குப் புரிந்தது. பேச்சு தப்பான தண்டவாளத்தில் போய்க்கொண்டிருக்கிறது, அக்கா தெரிந்தே அனுப்புகிறாள்.

“அக்கா, கசந்துச்சா இல்லையா? சொல்லு.”

அக்கா அவரைப் பார்த்தாள். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

“நீ செஞ்சது எனக்குக் கசக்குமாடா?”

அவர் டாக்டர் பக்கம் திரும்பினார். கசந்தது, நானும் குடித்தேன், குப்பையில் தானாக முளைத்த செடியின் காய், ருசி பார்க்காமல் கொடுத்தது நான்தான் என்று ஒரே மூச்சில் சொன்னார். எவ்வளவு குடித்தார்கள் என்று டாக்டர் கேட்டார். அக்கா இப்போது கண்ணை மூடிக்கொண்டாள். முழுசும், என்றாள்.

இதற்கு மாற்று மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னார். போன நீரை ஊசி வழியாக ஏற்றி, அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து, ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, உடம்பு அதை வெளியே தள்ளும்வரை காத்திருக்க வேண்டும். அவரையும் பக்கத்துக் கட்டிலில் படுக்கச் சொன்னார்கள். படுத்தார். அக்காவின் தலைமாட்டில் இருந்த திரையில் ரத்த அழுத்த எண் இறங்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு முறையும் மனைவி தோளைப் பிடித்து அமுக்கினாள். பல்லி நடையில் நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொன்னால், குழியில் நின்று பழக்கம் என்றான். சாயங்காலம்வரை எண் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. விளக்குகள் போட்ட பிறகு ஏறியது, ஏறிய இடத்தில் நின்றது. அப்போதும் அவர் நம்பவில்லை. நர்ஸ் வந்து வேறு கையில் கட்டிப் பார்த்து அதே எண்ணைச் சொன்ன பிறகுதான் தலையணையில் தலையை வைத்தார்.

அக்கா வீடு திரும்பிய வாரத்தில் கடையிலிருந்து ஒரு சின்னச் சுக்கினி வாங்கிக்கொண்டு மனைவியோடு போனார். கட்டிலுக்கு எதிரிலேயே உட்கார்ந்து நறுக்கினார். நுனியில் ஒரு துண்டு சீவிப் பச்சையாக நாக்கில் வைத்தார். அம்மாவின் முதல் சட்டம் அங்கே உடைந்தது.

“கசக்கல” என்றார்.

“மூஞ்சியைக் காட்டு.”

காட்டினார். அக்கா நெடுநேரம் பார்த்தாள். கல். கசந்தாலும் அதே கல்தான் என்பது அவளை விட யாருக்குத் தெரியும்? அவள் கை போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தது. எனக்கு ஒரு துண்டு கொடு, நான் பார்க்கிறேன் என்று அவள் கையை நீட்டியபோது அவர் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவள் முகத்தையும் அவரால் நம்ப முடியாது. தட்டில் நறுக்கிய காய் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

கடைசியில் அக்காதான் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

“அம்மாடி, இங்க வந்து ஒரு துண்டு வாயில போடு. நீ வேற வீட்டுப் பொண்ணு.”

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இருவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். சுக்கினியைக் கண்டதுமே, வாயில் போடும் முன்பே, அவள் முகம் சுளித்தது.

“இது கணக்கில்ல” என்றார் மெக்கானிக். “மென்னுட்டுச் சொல்லு.”