குளியலறையில் இருப்பவர்

என் கணவருக்குக் கண் தெரியாமல் போய் இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அப்போதுதான் எங்கள் அடுக்குமாடியில் உள்ள எல்லா வாடகை வீடுகளிலும் சமையலறையையும் குளியலறையையும் புதுப்பித்துத் தரப்போவதாக லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் என்ன நிறத்தில் டைல்ஸ் வரும் என்று பேசிக்கொண்டார்கள். நான் அளவு நாடாவைத் தேடி எடுத்தேன்.

அவர் இருபத்தாறு வருடம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். இனிப்பு நீர் வியாதி முதலில் ஒரு கால்விரலையும், பிறகு இரண்டு கண்களையும் எடுத்துக்கொண்டது. நான் புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். காலை ஏழு பத்துக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் மாலை ஐந்து நாற்பதுக்குத்தான் திரும்புவேன். அந்தப் பத்தரை மணி நேரமும் அவர் வீட்டில் தனியாக இருந்தாக வேண்டும். அவரால் இருக்க முடியவில்லையென்றால் ரெம்பியாவில் அவருடைய அக்கா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்களுக்கு வேறு ஆள் கிடையாது.

கண் போன பிறகு ஆறு மாதம் இருவரும் பழகினோம். எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். கட்டிலிலிருந்து சமையலறை நிலை வரை ஒன்பது காலடி. நிலையிலிருந்து குளியலறைக் கதவுக்கு ஐந்து. உள்ளே, பின்சுவரை ஒட்டிப் போட்ட ஸ்டூலுக்கு மூன்று. அதில் கதவைப் பார்த்து உட்கார்ந்தால் வலது கைக்குக் குழாய், குழாய்க்குக் கீழே சிமெண்டுத் தொட்டி, அதன் விளிம்பில் சோப்பு, சோப்புக்கு மேலே கைப்பிடிக் கம்பி. பிறகு அவர் தானே குளித்தார், தானே கோப்பி கலக்கினார். மாலையில் நான் வரும்போது சட்டை போட்டுக்கொண்டு வானொலி கேட்டுக்கொண்டிருப்பார்.

வேலையைக் கவனிக்கும் சூப்பர்வைசர் முப்பது வயதுக்குள் இருக்கும் தமிழ்ப்பையன். எங்கள் வீட்டைப் பார்க்க வந்தபோது, எது எங்கே இருக்கிறதோ அது அங்கேயே இருக்க வேண்டும் என்று அவனிடம் சொன்னேன்.

"தொட்டி மட்டும் வராது அக்கா. எல்லா வீட்லயும் ஒடச்சிட்டு ஷவர்தான். மத்ததெல்லாம் ஒரு பேப்பர்ல வரஞ்சி குடுத்துடுங்க, அப்படியே செஞ்சி குடுத்துர்றேன்."

அன்று மாலை ஸ்டூலில் உட்கார்ந்து, அவரைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிப் பார்த்து, பிறகு வரைந்தேன். குழாய் தரையிலிருந்து எவ்வளவு உயரம், கம்பி எவ்வளவு நீளம் எல்லாம் போட்டேன். சமையலறைக்கு வரையவில்லை. அங்கே பழைய இடத்திலேயே வைத்தால் போதும் என்று வாயால் சொன்னதோடு சரி.

வேலை நடந்த நான்கு நாளும் ரெம்பியாவில் இருந்தோம். நான் அங்கிருந்தே வேலைக்குப் போய் வந்தேன். அவருடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன்; அண்ணி தம்பியை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். சட்டைப் பொத்தானை அவரே போட்டுவிட்டார், தண்ணீரைக் கையில் கொடுத்தார், முழங்கையைப் பிடித்துக் கழிவறைக்குக் கூட்டிப் போனார். என் கணவர் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், கையை முழங்காலில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாளிலிருந்து மணி என்ன என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் திரும்பும்போதுதான் பேசினார்.

"அக்கா நல்லவதான். ஆனா அங்க நான் மூட்டை. எறக்கி வச்ச எடத்துல கெடப்பேன்."

வீட்டுக்குள் வந்ததும் அவர் நேராகப் பின்பக்கம் போனார். சமையலறை அச்சுப் பிசகாமல் பழையபடி இருந்தது. குளியலறைக் கதவைத் திறந்தவர் உள்ளே கால் வைக்காமல் நின்றார். கூரை வரை வெள்ளை டைல்ஸ். ஈர சிமெண்டு வாசனை.

"யாரு உள்ள?" என்று கேட்டார்.

"யாருமில்லீங்க. நாம ரெண்டு பேருதான்."

அவர் தலையைச் சற்றுச் சாய்த்து, வாசலில் வந்து நிற்கும் விருந்தாளி உள்ளிருந்து பதில் வரக் காத்திருப்பதுபோல நின்றார். பிறகு மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

என்ன தவறு என்று நான் பார்த்தது அதற்குப் பிறகுதான். குழாய், ஷவர், சோப்புத் தட்டு, கைப்பிடிக் கம்பி எல்லாமே எதிர்ச்சுவரில் இருந்தன. அளவுகள் மட்டும் மில்லிமீட்டர் சுத்தம்.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். காலையில், எல்லாம் இடப்பக்கம் மாறியிருக்கிறது என்று மூன்று முறை சொல்லித்தான் அவரை உள்ளே அனுப்பினேன். ஆனால் எழுந்திருக்கும்போது உடம்புதானே முடிவு செய்கிறது. வலது கை கம்பியைத் தேடிப் போனது. வெறும் டைல்ஸில் வழுக்கியது. விழுந்து முழங்கை தோல் உரிந்தது. அதோடு போயிற்று.

சூப்பர்வைசர் செவ்வாய்க்கிழமை வந்து, நான் கொடுத்த தாளை என் முன்னாலேயே விரித்தான். அவனைத் திட்டுவதற்கு இரவெல்லாம் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். தாளைப் பார்த்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து வரைந்த நான், அதில் கதவைக் குறிக்கவேயில்லை. அவர்கள் கதவில் நின்றபடி தாளைப் பிடித்திருக்கிறார்கள். என் வலப்பக்கம் அவர்களுக்கு எதிர்ப்பக்கமாகிவிட்டது.

"பக்கம் மாறுதேன்னு எங்க ஆளு கேட்டான் அக்கா. அந்த அக்கா இவ்ளோ சுத்தமா அளவு போட்டிருக்காங்க, அவங்க தப்பு பண்ண மாட்டாங்க, பேப்பர் பிரகாரம் செய்யின்னு நாந்தான் சொன்னேன்." அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் சுட்டது. "ஆபீஸ்ல கேட்டு மாத்தித் தரேன் லா. மூணு வாரம் ஆவும்."

செய்தி எப்படியோ ரெம்பியாவுக்குப் போய்விட்டது. அண்ணி போன் செய்தார்.

"நீ வேலைக்குப் போயிடுவ. அவன் அங்க வழுக்கி விழுந்து கெடப்பான். யாரு தூக்குவா? மூணு வாரம் பாக்கறேன். அதுக்கு மேல நானே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன், சொல்லிட்டேன்."

"சரிங்க அண்ணி" என்றேன்.

ஐந்து நாள் விடுப்பு தீர்ந்தது. நான் வீட்டில் இல்லாதபோது குளிக்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் வாசல் கிரில் கதவை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன். அவரிடமும் ஒரு சாவி உண்டு. இரண்டாம் நாள் மாலை, பக்கத்து வீட்டு அக்கா தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். கையுறைத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். எங்கள் குளியலறைக்கும் அவருடையதற்கும் ஒரே சுவர்.

"அண்ணன் இன்னிக்குப் பத்து மணிக்குக் குளிச்சாரு போல. பேசிக்கிட்டே குளிக்கறாரு. அரட்டைன்னா அப்படி ஒரு அரட்டை. என் வீட்டுக்காரரு இருந்தப்ப எங்கிட்ட அவ்ளோ பேசினதில்ல."

"போன்ல பேசியிருப்பாரு அக்கா."

"போன் எங்கிட்ட இருக்கு தங்கச்சி. சார்ஜர் கெட்டுப்போச்சின்னு காலையில கிரில் வழியா அவருதான் நீட்டினாரு." உள்ளே போய் எடுத்து வந்து என் கையில் வைத்தார். முழுதாக ஏறியிருந்தது.

"யாராச்சும் வந்தாங்களா?"

"நீதான் பூட்டிட்டுப் போறியே. எவன் வருவான்?"

அவரிடம் கேட்டேன். சத்தியத்தை மீறியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு சாதாரணமாகச் சொன்னார், "உள்ள இருக்கறவரோட பேசினேன்."

"அது எதிரொலிங்க. சுவர் முழுக்க டைல்ஸ் போட்டா அப்படித்தான் கேக்கும்." அவரை அழைத்துப்போய் உள்ளே நின்று நான்கு முறை கை தட்டிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சத்தம் திரும்பி வர்றது எனக்குத் தெரியாதா? அது வேற, இவரு வேற."

"எங்க இருக்காரு?"

"நான் உக்காந்தா எனக்குப் பின்னால."

ஸ்டூலுக்கும் பின்சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடம்தான் இருக்கிறது. அளந்து வைத்திருக்கிறேன்.

"எஸ்டேட்ல லாரிய ரிவர்ஸ் எடுக்கறப்ப, கெலிண்டான் எறங்கிப் பின்னால நிப்பான்" என்றார். லாரியில் உடன் போகும் ஆளைத்தான் அப்படிச் சொல்வார்கள். "கண்ணாடியில ஆளு தெரிய மாட்டான். கொரலுதான். எடது பக்கம் ஒடி, நேரா வா, போதும் நில்லு. நான் அப்படித்தான் ஓட்டினேன். ஒரு நாள் இடிச்சதில்ல."

"அந்த ஆளுதான் இவரா? அவரு செத்துப் போயிட்டாரே."

"சே. அவன் கெட்ட வார்த்தையிலதான் வழி சொல்வான். இவரு மரியாதையா பேசறாரு."

"பாக்க எப்படி இருப்பாரு?"

"ஏய், எனக்குத்தான் கண்ணு தெரியாதுல்ல" என்று என் கையைத் தட்டினார்.

சனிக்கிழமை பகல், அவர் குளிக்கப் போனபோது கதவுக்கு வெளியே குறிப்பேட்டோடு நின்றேன். அவர் "இடதா?" என்றார். "இடதா" என்று சுவர் சொன்னது. இது எதிரொலி, எழுதிக்கொண்டேன். பிறகு சற்று நேரம் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர்கூட விழவில்லை. அதன் முடிவில் அவர் "சரிங்க" என்றார். அந்தச் "சரிங்க" மட்டும் திரும்பி வரவில்லை. மற்ற எல்லாச் சொல்லும் திரும்பின.

அடுத்த நாள் ஒரு சோதனை செய்தேன். அவரிடம் சொல்லாமல், குளியல் மக்கை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, வழக்கமான இடத்தை விட்டு ஸ்டூலுக்குப் பின்னால் மூலையில் வைத்தேன். சொட்டும் சத்தம் கேட்டுக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் காயவைத்தது. அவர் உள்ளே போனார். தடவும் ஓசை இல்லை. உடனே தண்ணீர் மக்கில் விழும் சத்தம் கேட்டது. வெளியே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "மக்க மாத்தி வச்சியாமே" என்றார். கோபமாக இல்லை. யாரோ வந்து சொன்ன சிறிய குற்றத்தை விசாரிப்பதுபோல.

அதன் பிறகு நான் சோதிக்கவில்லை. நான் மட்டும் குளிக்கும்போது முதுகைச் சுவரோடு ஒட்டி நின்று, சீக்கிரம் வந்துவிடுவேன்.

மூன்று வாரம் முடிவதற்கு மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை காலையில், சூப்பர்வைசர் இரண்டு வேலையாட்களோடு வந்தான். புது டைல்ஸ், பைப், சுத்தியல் எல்லாம் கொண்டுவந்திருந்தான். கூடவே, வேலை திருப்தி என்று கையெழுத்துப் போட வேண்டிய மலாய்ப் படிவம்.

"எல்லாம் பழைய பக்கத்துக்கே மாத்திடறோம் அங்கிள். ரெண்டு நாள் வேல."

என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து, ஒரு இடத்திலும் கை வைக்காமல் நடந்து, குளியலறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

"வேணாம் தம்பி."

"ஏன் அங்கிள்? அக்காதான் கேட்டாங்க."

"நீங்க ஒடைக்க ஆரம்பிச்சா அவரு எங்க போவாரு?"

பையன் என்னைப் பார்த்தான். வேலையாட்கள் சுத்தியலைக் கீழே வைத்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடைத்திருப்பார்கள். என் தவறும் சுவரிலிருந்து போயிருக்கும்.

உள்ளே போய் நாட்குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்த பழைய குளியலறையில் இரண்டு வருடத்தில் அவர் வழுக்கியதும் இடித்துக்கொண்டதும் நாற்பத்தேழு முறை. தவறாக அமைந்த இந்தக் குளியலறையில் அந்த முதல் திங்கட்கிழமை தவிர ஒரு முறையும் இல்லை. ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறேன், விட்ட நாள் கிடையாது. உடைத்துச் சரி செய்தால் அவர் அந்த அறையில் மறுபடி தனியாக இருப்பார். விழுந்தால் ரெம்பியா, பிளாஸ்டிக் நாற்காலி. உடைக்காவிட்டால் அவர் இங்கே என்னோடு இருப்பார். என்னோடு மட்டுமல்ல என்பதையும் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

வெளியே வந்து படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

"நெஜமாவா அக்கா? அப்புறம் வந்து கேட்டா ஆபீஸ்ல விடமாட்டாங்க."

"தெரியும்."

"சரி, முடிஞ்ச வேலைய ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கறேன்."

"கதவத் தட்டிட்டுப் போ தம்பி" என்றார் என் கணவர், வழிவிட்டு.

பையன் சிரித்தான். ஆனால் தட்டினான். தட்டிவிட்டுச் சற்று நின்றுதான் உள்ளே போனான். சீக்கிரமே வெளியே வந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

அன்று மாலை அண்ணிக்கு நானே போன் செய்து, தம்பி இங்கேயே இருப்பார் என்றேன்.

"மாத்திட்டாங்களா?"

"இல்ல. பழகிட்டாரு."

"தனியாவா?"

எனக்குப் பொய் எழுதவோ சொல்லவோ வராது. "நல்லா இருக்காரு அண்ணி" என்று மட்டும் சொன்னேன். அவர் ஏதோ முணுமுணுத்தார், கட்டாயப்படுத்தவில்லை.

திங்கட்கிழமை காலை நான் கிளம்பும்போது அவர் குளியலறையில் இருந்தார். போய்வருகிறேன் என்று குரல் கொடுத்தேன். "ம், போயிட்டு வா" என்றார். கிரில்லைப் பூட்டிவிட்டுப் படியிறங்கிக் கட்டடத்தின் பின்பக்கம் வந்தேன். எங்கள் குளியலறையின் காற்றுத் துளை அங்கேதான் மேலே தெரியும். மூன்றாம் மாடியிலிருந்து தண்ணீர் குழாய் வழியே இறங்கும் ஓசை கேட்டது. அதோடு அவருடைய சிரிப்பும் கேட்டது. நன்றாக வாய்விட்ட சிரிப்பு. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். தனியாக இருக்கும்போது அவர் சிரித்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

மணி பார்த்தேன், ஏழு பதிமூன்று. தொழிற்சாலை பஸ் ஏழு இருபதுக்கு. நிற்காமல் நடந்தேன்.