ஆவி வராத பால்தேநீர்

போன மாசியில் ஒரு சனிக்கிழமை, நானும் மகளும் நாங்கள் இருக்கும் ரொம்மன் பகுதியில் பக்கத்து வீட்டு நோர்வேஜியப் பெண்மணியோடு காட்டுப்பாதைப் பனியில் ஸ்கீ சறுக்கி ஓடப் போனோம்.

குளிரில் என் மூக்கு மரத்திருந்தது, மூக்குக் கண்ணாடியிலும் பனிப்புகார் படிந்திருந்தது. இளைப்பாற உட்கார்ந்து பையிலிருந்த பிளாஸ்கைத் திறந்தேன். ‘புஸ்’ என்றது. சூட்டில்தான் என்று நினைத்தேன். முதல் கோப்பை விருந்தாளிக்குத்தானே? பக்கத்து வீட்டுக்காரருக்கே ஊற்றிக் கொடுத்தேன். கதைத்தபடியே அவர் அதை வாயருகே கொண்டுபோனார்.

மகள் கத்தினாள்: “அம்மா, ஆவி வரேல்லை! குடிக்க விடாதேங்கோ!”

பறித்துப் பனியில் ஊற்றினேன். பச்சைப் பூஞ்சணம் பிடித்த கட்டிகள் சளிபோல வழுக்கி விழுந்தன. அதற்கு முந்திய மாரிக்குளிரில் மிஞ்சிய பால்தேநீர்! ஒரு வருடமாக ஸ்கீப் பைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. அன்று காலை நிரப்பிய பிளாஸ்க் வீட்டு மேசையில் நின்றது. நாற்றம் பிந்தித்தான் வந்தது. அவ்வழியே வந்த நாய்கூட மோந்துவிட்டுத் தும்மிக்கொண்டு ஓடியது.

“உங்கட தேத்தண்ணி எப்பவும் இப்பிடித்தானோ?” என்று அவர் நோர்வேஜிய மொழியில் பணிவாகக் கேட்டார். எனக்கு உயிர் போய் வந்தது.

இப்போது வீடு வந்ததும் பிளாஸ்கைக் கழுவித் திறந்தபடி கவிழ்த்து வைக்கிறேன். வெளியே யார் கூட வந்தாலும், முதல் கோப்பையை அவர்கள் முன்னாலேயே நான் குடிக்கிறேன். மரியாதை தெரியாதவள் என்று நினைத்தால் நினைக்கட்டும்.