விமானி அறிவழகனின் சாட்சிப் படி

கோ-பைலட் அறிவழகன் தனக்கு வர வேண்டியதில் ஒரு ரூபாயைக்கூட விட மாட்டான். கவுகாத்தியில் மழை பிடித்து விமானம் மூன்று மணி நேரம் நின்றால், அந்த நேரத்தில் குடித்த டீக்குக் கம்பெனியிடம் பில் போட்டு வாங்கிய பிறகுதான் மறுவேலை. "எம்மாம் ஒசரத்துல பறந்தாலும் இவருக்குக் கண்ணு பில்லு மேலதான்" என்பாள் மனைவி சத்யப்பிரியா.

அவன் பக்கமும் நியாயம் இருந்தது. விமானிக்குப் பறந்தால்தான் காசு. தரையில் நிற்கிற நாளுக்கு வெட்டுதான். சொந்தக்காரர்களோ அவன் வீட்டில் பணம் காய்த்துத் தொங்குவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் ஒரே ஒரு கையெழுத்தில் மாட்டிக்கொண்டான். பிறந்தது மங்கலம்பேட்டை என்றாலும் சின்ன வயசிலேயே ஹாஸ்டலுக்குப் போனவன். ஊர் சூட்சுமம் தெரியாது. கடலூரில் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தபோது, சிதம்பரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய், மண்டபத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்துப் பழைய இரும்புக் கடையில், களவு போன கிரைண்டர் ஒன்றை ஏட்டு கண்டுபிடித்துவிட்டார். அதைக் கைப்பற்றியதற்குச் சாட்சி வைத்து மகஜர் எழுத அவர் பேப்பரை எடுத்ததுதான் தாமதம், டீக்கடையில் நின்ற எட்டுப் பேரில் ஏழு பேருக்கு அவசர வேலை வந்துவிட்டது. ஒருவர் டீயைக் கிளாஸோடு கொண்டுபோய்விட்டார். அறிவழகன் மட்டும் நின்றான். நின்றதோடு விட்டானா? கிரைண்டரை ஜீப்பில் ஏற்ற ஒரு கை கொடுத்து, சாட்சி என்ற இடத்தில் முழு விலாசத்தோடு கையெழுத்தும் போட்டான்.

ஒன்றரை வருஷம் கழித்துச் சம்மன் வந்தது. மும்பை போக வேண்டிய நாளில் சிதம்பரம் கோர்ட்டுக்குப் போனான். மாஜிஸ்திரேட்டுக்குக் காய்ச்சல், வாய்தா. அங்கேதான் கிரைண்டரின் சொந்தக்காரி விருத்தாம்பாளைப் பார்த்தான். இட்லிக் கடை வைத்திருப்பவள், அவளுக்கு அது ஐந்தாவது வாய்தா. கேஸ் முடியும்வரை கிரைண்டர் கோர்ட் அறையில் கிடக்க, அவள் வாடகை கிரைண்டரில் மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாய்தாவுக்கும் வந்துடு தம்பி. மத்த சாட்சியெல்லாம் ஓடிட்டாங்க. நீ சொன்னாத்தான் அது எங் கைக்கு வரும்" என்றாள்.

அறிவழகன் கம்பெனிக்கு ஃபோன் போட்டான். ஹெச்.ஆரில் இருந்த சுவேதா கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாள்: "சார், சாட்சிக்கு லீவ் இல்ல. 'ஜூரி டியூட்டி'ன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு முழுச் சம்பளம். நீங்க ஜூரின்னு கோர்ட்ல ஒரு லெட்டர் வாங்கிடுங்க."

அந்த சாஃப்ட்வேர் எந்த தேசத்தில் செய்ததோ! பெஞ்ச் கிளார்க் தேவநாதனிடம் கேட்டான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். "ஜூரியா? அதெல்லாம் நான் பொறக்கறதுக்கு முன்னாலயே ஒழிக்க ஆரம்பிச்சிட்டாங்களே சார். சாட்சின்னு வேணா எழுதித் தரேன்."

இரண்டாவது வாய்தாவும் போயிற்று, வக்கீல்கள் வரவில்லை. அன்று கோழிக்கோடு விமானம் அவனில்லாமல் பறந்தது. "போலீஸு வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுங்க மாப்ள, அப்புறம் கூப்புட மாட்டாங்க" என்றார் மாமனார் பழனிவேல். சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். அந்தச் சாட்சிக்காரன் யார் காலில் விழுவது என்று ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. மூன்றாவது முறை பஸ் ஏறும்போது, சொல்லித் தொலைத்துவிடலாம் என்ற முடிவில்தான் இருந்தான்.

அன்றைக்கும் நேரமாகிவிட்டது. மாஜிஸ்திரேட் அடுத்த தேதிக்குக் காலண்டரைப் புரட்டினார். சட்டென்று விருத்தாம்பாள் எழுந்துவிட்டாள்.

"ஐயா, நான் எத்தினி வாட்டி வேணாலும் வரேன். இந்தத் தம்பி பாவம், மூணு வாய்தாவா வேலய வுட்டுட்டு வந்துக்கினு இருக்கு. இத மட்டும் இன்னிக்கே கேட்டு வுட்டுடுங்க."

கோர்ட் சிரித்தது, மாஜிஸ்திரேட்டும் சிரித்தார். அறிவழகனைக் கூண்டில் ஏறச் சொன்னார். அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வெத்துப் பேப்பர் என்ற வார்த்தை வாய்வரை வந்து, அவளைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"ஆகாயத்துல பறக்கிற உங்களுக்கு, இது அதே கிரைண்டர்தான்னு எப்படித் தெரியும்?" என்று மடக்கினார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"ஜீப்புல ஏத்தறப்ப ஒரு பக்கம் நான்தான் சார் புடிச்சேன். ரெண்டு நாள் இடுப்பு நிமிரல. அத எப்படி மறக்க முடியும்?"

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். இறங்கவேண்டியவன் இறங்கவில்லை. வழக்கமான குணம் தலைதூக்கியது. "ஐயா, சாட்சிக்கு வந்துபோற செலவுக்குப் படி உண்டுன்னு படிச்சேன். மூணு நாளுக்கும் வேணும்."

தேவநாதன் தலையைச் சொறிந்தார். "இதுவரைக்கும் யாரும் கேக்கலிங்க ஐயா."

"அப்ப இந்த அக்காவுக்கு ஏழு வாய்தா ஆயிருக்கே, அதுக்கும்?" என்றான். கணக்கு என்றால் எல்லோருக்கும் சரியாக இருக்க வேண்டும் அவனுக்கு. மாஜிஸ்திரேட் இரண்டு பேருக்கும் எழுதிக் கொடுத்தார்.

பணத்தை வாங்கிய விருத்தாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கோர்ட்டுக்கு வந்து காசு செலவழித்துத்தான் அவளுக்குப் பழக்கம். அவனை விடாமல் கடைக்கு இழுத்துப்போய் இலை போட்டாள். இரண்டாவது இட்லியில் இருக்கும்போது சுவேதாவிடமிருந்து செய்தி வந்தது. ஜூரி என்று லெட்டர் இல்லாததால் மூன்று நாள் சம்பளமும் கட்.

"இன்னா தம்பி, மூஞ்சி மாறுது?"

சொன்னான். அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அவன் பர்ஸை எடுத்தபோது கையைத் தட்டிவிட்டாள். "சம்பளம் வராத ஆளுகிட்ட காசு வாங்குனா எனக்கு ஒட்டாது. சும்மா சாப்புடு." இன்னும் இரண்டு இட்லியை இலையில் போட்டு, கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "கோர்ட்டுக்குப் போனா சம்பளம் புடிக்கிற எடத்துல எதுக்குத் தம்பி இருக்கற? எங்க வூட்டுக்காரரு கொத்தனாரு வேலதான். மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லட்டுமா?"

அறிவழகன் அவள் முகத்தைப் பார்த்தான். கிண்டல் இல்லை.

"சொல்லுங்கக்கா" என்றான்.