கனெக்டருக்கு அடியில் தறிப் பஞ்சு

மேசையில் வைத்த பெட்டி, பட்டனைத் தொடாமலே சூடேறிக்கொண்டிருந்தது. முதலில் பேட்டரியை உருவிப் போட்டேன். பிறகுதான் கொண்டுவந்தவரிடம் பேசினேன்.

முனிரத்தினம், நகரியில் பவர்லூம் ஓட்டுபவர். பீடியை விடுவதற்காக, புகைக்குப் பதில் ஆவி இழுக்கும் ஒரு வேப் பெட்டியைத் தானே செய்து வைத்திருந்தார். இ-சிகரெட்டுக்குத் தடைச் சட்டம் வராத காலம். திருப்பதியில் என் சர்வீஸ் கடைக்கு அப்படிப்பட்டவை அவ்வப்போது வரும். மேலே திரவம் நிற்கும் டேங்க், கீழே பேட்டரியும் போர்டும். நடுவில், இரண்டுக்கும் அணையாக, டேங்கைத் திருகிப் பொருத்தும் ஒற்றைக் கனெக்டர்.

“ரெண்டு நாளா பாக்கெட்டு சுடுதுணா. சட்டையக்கூட மாத்திப் பாத்தேன்.”

“சட்டை இன்னாய்யா பண்ணும்? பாக்கெட்ல வெச்சிகினேவா தறியாண்ட நிக்கிற?”

“ஆமாணா. வேற எங்க வெக்கிறது?”

தறி ஷெட்டில் பஞ்சு எங்கும் இருக்கும்: தரையில், விட்டத்தில், புருவத்தில். பீடி பற்றவைத்தால் முதலாளி அன்றே விரட்டிவிடுவார். அதற்குப் பயந்து பீடியை விட்டவர், நெஞ்சின்மேல் நெருப்பைச் சுமந்து நின்றிருக்கிறார்.

மூடியைக் கழற்றினேன். கனெக்டருக்கு அடியில் இறுக்கி அடைத்த பஞ்சு. நனைந்து, ஓர் ஓரம் கருகிப் பழுப்பேறி.

“இது இன்னாது?”

“தறிப் பஞ்சுணா. ஒழுகிச்சு, உறிஞ்சிக்கட்டும்னு வெச்சேன். அப்புறம் ஒழுகவே இல்ல.”

ஒழுகியது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். திரவத்தைக் குடித்த பஞ்சு போர்டின்மேலேயே உட்கார்ந்து, ஈரத்தில் மின்சாரத்தைக் கசியவிட்டுச் சூடேற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பழுப்பை அவர் கண்ணருகே பிடித்தேன். விரலால் தொட்டுப் பார்த்தார்.

“எட்டு பேரு நிக்கிறோம்ணா உள்ள.”

போர்டை ஸ்பிரிட்டால் கழுவினேன். கனெக்டரின் கழுத்தைச் சுற்றியும் நடுவில் நிற்கும் உலோகப் பின்னின் அடியிலும் கசிவை அடைக்க வாடையில்லாத சிலிகான் பசை வைத்தேன். வினிகர் வாடை அடிக்கும் பாத்ரூம் சிலிகான் ஆகாது, செம்பை அரித்துவிடும்.

“சீக்கிரம் குடுணா, நகரி பஸ்ஸு பூடும்.”

“போவட்டும். நாளிக்கு வா. காயாம குடுத்தா மறுபடியும் பஞ்சத்தான் தேடுவ.”

மறுநாள் அவர் முன்னாலேயே கனெக்டருக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்து, டேங்கை நிரப்பி, சாயந்திரம்வரை நிற்கவைத்தேன். பேப்பரை உருவினேன். உலர்ந்த காகிதம் அத்தனை அழகு என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பெட்டியைப் பாக்கெட்டருகே கொண்டுபோனவர், நிறுத்தி, சாப்பாட்டுப் பைக்குள் போட்டார்.

“ஷெட்டுக்கு வெளிய, சைக்கிள்லயே தொங்கட்டும்ணா.”

இன்று மாந்தோப்புக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் வந்தாலும் என் விரல் முதலில் போவது கனெக்டருக்கு அடியில்தான். தொழில் கற்கும் தம்பிகளே, சொட்டுகிற பெட்டி உங்களைக் கூப்பிட்டுத் தன் கோளாறைச் சொல்கிறது. அதன் வாயில் பஞ்சை அடைக்காதீர்கள்.