கேமராவுக்குத் தெரியாத மொட்டை

ஏழுமலையானை நம்பி வாழும் எல்லோருக்கும் திருப்பதி பக்கத்து வடமாலபேட்டையிலிருந்து ஒரு தாயின் வணக்கம். இது நடந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

என் மகன் முரளி பி.காம். முடித்து இரண்டு வருடம் வீட்டிலேயே இருந்தான். கூடப் படித்தவர்கள் சென்னை, பெங்களூர் என்று போய்விட்டார்கள். இவனும் நேர்காணலுக்குப் போவான். ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வியர்த்துப்போய்த் திரும்பி வருவான். பிறகு வெளியே தலைகாட்டுவதையே விட்டுவிட்டான். சோறு போட்டால் சாப்பிடுவான், பேச மாட்டான். ஏதாவது செய்துகொள்வானோ என்று பயந்து அவன் அறைக்கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். 'பெருமாளே, இவனுக்கு ஒரு வழி காட்டு, முடி கொடுக்கிறோம்' என்று வேண்டிக்கொண்டேன்.

அந்த வாரமே, திருப்பதியில் வேலையில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் பயிற்சி தருகிறார்கள் என்று பஸ்ஸில் ஒரு பெண் சொன்னாள். முரளியை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தேன். எக்ஸெல், கம்ப்யூட்டரில் கணக்கு போடுவது, வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்புவது எல்லாம் கற்றான். மெல்லச் சிரிக்கவும் ஆரம்பித்தான். முடிவில், ஒரு கம்பெனி வேலைக்கு ஆன்லைன் தேர்வு வந்தது.

இங்கேதான் நான் அவசரப்பட்டேன். காரியம் முடிந்த பிறகு முடி கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். எனக்குப் பொறுக்கவில்லை. தேர்வுக்கு முந்தின நாளே மலைக்கு அழைத்துப் போய் மொட்டை போட வைத்தேன்.

மறுநாள் பயிற்சி மையத்தில் கேமரா முன்னால் உட்கார்ந்தான். நான் அறை வாசலில் நின்றேன். பதிவு செய்திருந்த போட்டோவில் அடர்ந்த முடியும் தாடியும். எதிரே சந்தனம் பூசிய மொட்டை. முகம் பொருந்தவில்லை என்று சிவப்பு எழுத்து வந்துகொண்டே இருந்தது.

"எம்மா, கேமராவுக்கு என்னிய அடையாளம் தெர்லயாம்!" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

பயிற்சி தரும் சுஜாதா மேடம் தலையில் கை வைத்துக்கொண்டு, தெலுங்கு கலந்த தமிழில் கடிந்துகொண்டார். "ஏண்டம்மா இதி? ஒரு நாள் பொறுக்கக் கூடாதா? வேற ஆள் வந்து எழுதறான்னு கேன்சல் பண்ணிடுவாங்க!"

"பெருமாளுக்குத் தெரிஞ்ச புள்ள மேடம், கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?" என்றேன். அழுகை முட்டியது.

வேறு ஊரிலிருந்து தேர்வைக் கண்காணிக்கும் அதிகாரி திரையில் வந்தார். நீ யார் என்று ஆங்கிலத்தில் அதட்டினார். மேடம் பேசக் கூடாதாம், தேர்வு எழுதுபவன்தான் பதில் சொல்ல வேண்டுமாம். எனக்கு உயிரே போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டேன். 'முடியை வாங்கிக்கொண்டாய் அல்லவா, இப்போது அவன் நாக்கில் வந்து உட்கார்' என்றேன்.

முரளியின் குரல் கேட்டது. "சார், திஸ் இஸ் திருப்பதி!"

பிறகு தடுமாறித் தடுமாறி, ஆனால் நிறுத்தாமல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனான். எங்கள் ஊரில் தாய்மார்கள் எதற்கெல்லாம் வேண்டிக்கொள்வார்கள், நேற்று மலையில் என்ன நடந்தது, இப்போது வாசலில் நின்று அழுவது யார், எல்லாம் சொன்னான். தலையைக் குனிந்து சந்தனத்தைக் காட்டினான். ஆதாரை நீட்டினான். அறையில் இருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் சிரித்தார். கன்னத்து மச்சத்தை ஒப்பிட்டுப் பார்த்து அனுமதித்தார்.

முரளி தேறினான். அடுத்து வந்த நேர்காணலில், உன்னைப் பற்றிச் சொல் என்றதும் இந்த மொட்டைக் கதையையே எடுத்துவிட்டிருக்கிறான்! வேலை கிடைத்தது.

இப்போது பெங்களூரில் இருக்கிறான். போன் அடித்தால் என் நெஞ்சு இன்னும் திக்கென்கிறது. எடுத்தால், "எம்மா, துன்னியா? நான் மீட்டிங் போய்க்கினு இருக்கேன், அப்பால பேசறேன்" என்பான். நான் பேச நினைத்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டு சிரிப்பேன்.

வீட்டில் முடங்கிக் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துக் கலங்கும் பெற்றோரே, பெருமாளின் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் பிள்ளையை ஒரு பயிற்சிக்கு அனுப்புங்கள். மொட்டையை மட்டும் தேர்வுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தப்பித்தவறி முந்திவிட்டாலும் பயப்படாதீர்கள். நான் பெருமாளிடம் வழி கேட்டேன். அவன் என் அவசரத்தையே வழியாக்கிக் கொடுத்தான்.