வலைப்பூ தேடப் போன இடத்தில்

ஆங்கிலம் நடத்துகிறவர்கள் நல்ல வலைப்பூக்களைத் தேடிப் படிக்க வேண்டும் என்று ஒரு பயிற்சிக் கூட்டத்தில் சொன்னார்கள். படித்தால் நமக்கு உற்சாகம் வருமாம், அது வகுப்பிலும் தொற்றிக்கொள்ளுமாம். எந்த வலைப்பூ என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் வலங்கைமான் பக்கத்தில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. எனக்கு உற்சாகம் போதவில்லை என்று அதுவரை யாரும் புகார் சொன்னதில்லை. கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். இருந்தாலும் அன்று சாயங்காலமே போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அகப்பட்டதெல்லாம் வெளிநாட்டு வலைப்பூக்கள். அவற்றில் வகுப்பறையென்றால் தரைவிரிப்பு இருக்கும், மூலையில் சோபா இருக்கும், விரல்விட்டு எண்ணிவிடுகிற அளவில் பிள்ளைகள் இருப்பார்கள். பனி பெய்கிற நாளில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் அதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள் என்று ஒரு அம்மையார் எழுதியிருந்தார். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். வயலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

இன்னொருவர், பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, காதில் விழும் சத்தங்களை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள் என்றார். இது நமக்கு ஆகும் என்று ஏழாம் வகுப்பை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். அது அறுவடைக் காலம். பக்கத்து வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாப் பிள்ளைகளும் 'மெஷின்' என்று எழுதினார்கள். ஒரே ஒரு பெண் மட்டும், 'டீச்சர் மூச்சு விடுகிறார்கள்' என்று அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அவளைப் பாராட்டத்தான் வேண்டியிருந்தது.

இப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வலைப்பூ கிடைத்தது. எழுதியவர் பெயர் இல்லை, பள்ளியின் பெயரும் இல்லை. ஆனால் முதல் பத்தியிலேயே, வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று பாதி வகுப்பு காணாமல் போன கதை. எழுதியவர் நம் பக்கத்து ஆள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் ஏற்கனவே புழங்கும் ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகளையே கொண்டுவரச் சொல்லி, அவற்றிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம் என்று அதில் ஒரு யோசனை இருந்தது. மறுநாளே செய்து பார்த்தேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரத்துக்குச் சொல்லும் 'மாய்ச்சர்' வந்தது, பஸ் பலகையில் எந்த ஊர் வழியாகப் போகும் என்று காட்டும் 'வியா' வந்தது. வாயே திறக்காத பிள்ளைகள்கூட அப்பாவிடம் கேட்டு ஒரு சொல்லோடு வந்து நின்றார்கள். எனக்கு அந்த வலைப்பூவின் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது.

அதில் அடிக்கடி ஒரு அம்மா வருவார். பயிற்சிக் கூட்டங்களுக்குப் பச்சைத் தெர்மாஸ் ஃபிளாஸ்க்கோடு எல்லோருக்கும் முன்னால் வந்து மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடிப்பவர். பயிற்சி கொடுக்க வந்தவரின் உச்சரிப்பையே திருத்துபவர். ஒருமுறை அவர் எழுந்து கேட்ட கேள்வி முடிவதற்குள் வெளியே வைத்திருந்த டீ ஆறிப்போய்விட்டதாம். படித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். வயலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்த என் கணவருக்கும் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஏம்மா, அன்னைக்கி டீ ஆறிப்போச்சு, ஒருத்தருக்கும் பொறுமையே இல்லைன்னு நீதானே வந்து சொன்னே?" என்றார்.

"டீ எல்லா ஊர்லயும்தாங்க ஆறும்."

"பச்சைத் தெர்மாஸ் ஃபிளாஸ்க்னு போட்டிருக்குன்னியே?"

"என்னோடது நீலம்."

"நீலந்தான். வெயில்ல நிறம் மாறிப் பச்சையாத் தெரியுது," என்று சொல்லிவிட்டு அடுத்த கவளத்துக்குப் போனார்.

அன்று ராத்திரி பழைய பதிவுகளையெல்லாம் திரும்பப் படித்தேன். சந்தேகமே இல்லை, நான்தான். கோபம் வந்தது. ஆனால் பாவி, நன்றாகத்தான் எழுதியிருந்தது. கோபத்தோடு படித்த இடத்திலும் சிரிப்பு முந்திக்கொண்டது. கடைசியில் அந்தப் பதிவுக்குக் கீழே, 'அந்த அம்மா கேட்டது நல்ல கேள்விதான். பதில்தான் சரியில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தூங்கப் போனேன்.

அடுத்த பயிற்சிக் கூட்டத்தில், டீ இடைவேளையின்போது ஒல்லியான ஒரு பெண் தயங்கித் தயங்கி என் அருகில் வந்தாள். நன்னிலம் பக்கத்துப் பள்ளியில் வேலை செய்பவள். எப்போதும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் குறிப்பெடுப்பவள்.

"டீச்சர், அந்த கமெண்ட் போட்டது நீங்களா?"

"எந்த கமெண்ட்?" என்றேன், அவளைக் கொஞ்சம் திணறவிடுவோம் என்று.

அவள் முகம் வெளிறிவிட்டது. "தப்பா நினைச்சுக்காதீங்க டீச்சர். எனக்குக் கூட்டத்துல எழுந்து பேச வராது. நீங்க மட்டுந்தான் எழுந்து கேப்பீங்க. அதைப் பாத்துக்கிட்டே இருப்பேன், வீட்டுக்குப் போய் எழுதிடுவேன். வேணாம்னா எடுத்துடறேன்."

"எடுக்க வேணாம். ஃபிளாஸ்க் நிறத்தை மட்டும் மாத்துங்க."

அவள் ஃபிளாஸ்க்கைப் பார்த்தாள். "பச்சைதானே டீச்சர் அது?" என்றாள், உண்மையான கவலையோடு.

இதற்கு மேல் கோபத்தை எப்படிக் காப்பாற்றுவது? என் ஃபிளாஸ்க்கிலிருந்தே அவளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். டீ முடிவதற்குள், நானும் அவளுடைய வலைப்பூவில் எழுதுவது என்று முடிவாகிவிட்டது. எழுதி அனுப்பினேன். போனில் கூப்பிட்டாள்.

"டீச்சர், நல்லாயிருக்கு. கொஞ்சம் நீளமா இருக்கு."

"எதைக் குறைக்கலாம்?"

"கேள்வி எல்லாத்தையும் எடுத்துட்டா அளவா வந்துடும்."

எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அப்படியே போட்டாள். அந்தக் கேள்விகளில் ஒன்று, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஆங்கில வகுப்பு முழுக்கத் தரையையே பார்த்திருக்கும் ஆறாம் வகுப்புப் பெண்ணை எப்படிப் பேச வைப்பது என்பது. பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் அதற்குப் பதில் எழுதியிருந்தார். தன் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளையிடம் வருகைப் பதிவை வாசிக்கக் கொடுத்தாராம். பெயர் கூப்பிடுவதில் தப்பு வராது, பதிலுக்கு எல்லோரும் அவளிடம் பேசியே ஆக வேண்டும் என்று விளக்கியிருந்தார்.

திங்கட்கிழமை என் ஆறாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டு வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்தேன். குரல் முதல் பெஞ்சைக்கூடத் தாண்டவில்லை. தன் பெயர் தவறிவிடுமோ என்று வகுப்பு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து கேட்டது. பாதி வந்ததும் அவள் நிறுத்தி, ஜன்னலோரம் பேசத் தொடங்கிய இரண்டு பேரைப் பார்த்து, "சைலன்ஸ்" என்றாள்.