கல்லுக்கு வலித்த நாள்

கண்ணாடிப் பட்டறையின் முதலுதவி அறை நர்ஸுக்கு அங்கே எல்லோரும் வைத்திருந்த பெயர் தண்ணி அக்கா. கையில் ஏதோ பட்டுவிட்டது என்று போய் நின்றால் போதும், என்ன ஏது என்று சொல்லி முடிப்பதற்குள் குழாயடியில் நிறுத்திவிடுவாள். பதினாறு வருஷத்தில் அவள் பேச்சுக்குப் பிடிகொடுக்காதவர் ஒரே ஒருவர்தான். கண்ணாடியில் பூவும் கொடியுமாக ஆசிட்டால் அரித்தெடுக்கிறவர். பட்டப்பெயர் கல்லு. அவளுடைய சொந்தப் புருஷன்.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோதும் முகம் சுளிக்காத மனிதர் அவர். அதில் தலைகால் புரியாத பெருமை வேறு. பெருமையாம் பெருமை.

அன்று காலை பத்தரை மணிக்கு மேஸ்திரி அவரை அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். “கையுறையில ஓட்டை இருந்திருக்கு அக்கா. ஒரு மணி நேரமா யார்கிட்டயும் மூச்சு விடல. விரல் வெளுத்திருக்கிறத நான்தான் பாத்தேன்.”

கண்ணாடியையே தின்கிற ஆசிட் அது. மேல்தோலில் பெரிதாக ஒன்றும் தெரியாது; உள்ளே இறங்கி எலும்பைத் தேடிப் போகும். உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடுங்கி இதயத்தையே தடுமாற வைத்துவிடும். குழாயைத் திறந்து அவர் கையைப் பிடித்து நீட்டினாள். ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொல்லி மேஸ்திரியை விரட்டினாள். அலசி முடித்ததும் கையுறை மாட்டிக்கொண்டு, கால்சியம் ஜெல்லை அவர் விரல்களில் வழிய வழியத் தேய்க்க ஆரம்பித்தாள்.

இந்த வைத்தியத்தில் ஒரு விசித்திரம் உண்டு. வலிதான் வழிகாட்டி. வலி அடங்கும்வரை தேய்க்க வேண்டும், அடங்காவிட்டால் ஊசி. மரத்துப்போக மருந்து கொடுத்தாலோ உள்ளே நடப்பது தெரியாமல் போய்விடும். நோயாளி வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால்தான் உண்டு. வந்து வாய்த்த நோயாளியோ கல்லு.

“வலிக்குதாங்க?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“இப்ப?”

“இல்லங்கிறேன்ல. விடு, அங்க பாதி வேலை அப்படியே கெடக்கு.”

நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. தாடை இறுகியிருந்தது. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

“டாக்டர்கிட்டயும் இதையேதான் சொல்வீங்க. அவரும் நம்பி ஊசிய நிறுத்திடுவார். அப்புறம் விரல் போயிடும். விரல் போனாக்கூடப் பரவால்ல, நீங்க போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?” குரல் உடைந்துவிட்டது.

அவர் அவளைப் பார்த்தார். போன் பேசிவிட்டு வந்து நின்ற மேஸ்திரியையும் பார்த்தார். மேஸ்திரி நாசூக்காகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வலிக்குதும்மா,” என்றார். “உயிர் போகுது.”

அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. புருஷன் துடிக்கிறார், இவள் சிரிக்கிறாள், கண்ணீரும் கொட்டுகிறது.

“எந்த விரல்?”

“ஆள்காட்டியும் நடுவிரலும். நகத்துக்கு அடியில.”

ஆம்புலன்ஸில் வழியெல்லாம் தேய்த்துக்கொண்டே போனாள். மனிதரும் கூச்சத்தை விட்டு, ஐயோ அம்மா என்று ஊரைக் கூட்டினார்.

மருத்துவமனையில் மார்பில் வயர்களை ஒட்டி இதயத் துடிப்பைக் கவனித்தார்கள். டாக்டர் விரல்களில் கால்சியம் ஊசி போட்டார். வலி விடவில்லை என்றதும் மறுபடியும் போட்டார். மத்தியானம் மூன்று மணிக்குக் கல்லு கண்ணைத் திறந்து, “இப்ப வலிக்கல,” என்றார்.

அடுத்த ஊசியைக் கையில் வைத்திருந்த டாக்டர் அவளைப் பார்த்தார். வந்த உடனேயே அவள், வலியை மறைக்கிற புருஷனின் பெருமையைப் புட்டுப் புட்டு வைத்திருந்தாள்.

“நம்பலாமா சிஸ்டர்?”

கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற அதே பேச்சு. நம்பி, அது பொய்யாகப் போனால் விரல் போச்சு.

“நிஜமாவாங்க?”

“நிஜமாத்தான். விரல்ல ஒண்ணுமில்ல.” கொஞ்சம் தயங்கினார். “கால் முட்டிதான் மூணு வருஷமா வலிக்குது.”

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“நம்பலாம் டாக்டர்,” என்றாள்.